நாலு மணிச் சுற்று

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதத்தின் மூன்றாம் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடற்காற்று இன்னும் கரையேறியிராத பிற்பகலில், நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், அருளப்பன் மொரேல் புதுச்சேரியைச் சுற்றும் சாலைகளில் ஒன்றான வடக்கு புல்வாருக்கு ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் ஐரோப்பாவின் நெடுநேரக் கார்ப் பந்தயங்களில் வண்டி ஓட்டியவர். நாற்பது வயது, இடது முழங்கால் மடங்காது, காலடியில் இருந்த தோல்பெட்டிக்குள் பதினோரு வெள்ளிக் கோப்பைகள், பதினொன்றும் இரண்டாம் பரிசு.

அவருடைய வீடு சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. ரிக்‌ஷாக்காரன் சடகோபன் சாலையைக் கடக்கவில்லை. வண்டியை ஓரமாக இழுத்து நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஏன் நின்றாய் என்று கேட்டதற்கு, "நாலு ஆவப்போவுதுங்க முசியே, சுத்து போயிடட்டும்," என்றான், ரயில்வே கேட்டருகில் நிற்பவன் சொல்வதைப்போல. தெருவில் எல்லோரும் அப்படித்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். மாட்டு வண்டி ஓரம் கட்டியது. கீரைக்காரி கூடையை இரண்டு முழம் உள்ளே தள்ளிவைத்தாள். ஒரு நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வேலியருகே போய்ப் படுத்தது.

பிறகு மொரேல் வீட்டு வாசலிலிருந்து ஓடும் காலடிகள் கேட்டன. ஆள் இல்லை, காலடிகள் மட்டும், பன்னிரண்டு. நாலாவது அடியில் வலது கால் சரளையில் வழுக்கிச் சற்றுத் தாமதித்தது. ஒரு சிறு கதவு அறைந்து சாத்தும் ஓசை, இயந்திரத்தின் இருமல், உடனே உறுமல். காற்றின் ஒரு திரட்சி கிழக்கே கடற்கரையை நோக்கிப் பாய்ந்து போக, அதன் பின்னே எரிந்த விளக்கெண்ணெயின் வாசனை தெரு முழுவதும் பரவி நின்றது. இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி கழித்து, ஊரை முழுதாக வலம்வந்த அந்தச் சத்தம் மேற்கிலிருந்து திரும்பி வந்து, அதே வாசலுக்கு நேரே, முழு வேகத்தில் இருக்கும்போதே, கத்தரியால் வெட்டிய நூலைப்போல அறுந்துபோயிற்று. மாட்டு வண்டி புறப்பட்டது.

அருளப்பன் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே இருந்தார். அந்த நாலாவது அடி வழுக்கியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிரான்சில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை வழுக்கியது அது. அவருடைய காலுக்கும் அந்தச் சரளைக்கும் மட்டுமே தெரிந்த செய்தி.

வாசலில் அவருடைய அக்கா ரொசாலி நின்றிருந்தாள். அவரைவிடப் பத்து வயது மூத்தவள், மணம் செய்துகொள்ளாதவள், பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. உள்ளே வா, காபி ஆறிப்போகும் என்றாள்.

"அக்கா, இது என்ன?"

"உன்னோட முதல் சுற்று."

"எப்போலேருந்து?"

"நான் கப்பல்லேருந்து இறங்கின அன்னிக்கே வந்துடுச்சு. ஒன்பது வருஷம் ஆகுது."

"ஏன் எனக்கு எழுதல?"

"அந்தப் பந்தயத்தைப் பத்தி இனிமே ஒரு வரிகூட எழுதாதேன்னு நீதானே எழுதின," என்றாள் ரொசாலி. அவளிடம் அந்தக் கடிதம் இருந்தது. தேதிகூடச் சொன்னாள்.

அந்தப் பந்தயம் நடந்தது வால்மொரான் என்ற ஊரில். சனிக்கிழமை நாலு மணிக்குத் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரை, ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் மாறிமாறி ஓட்டி, யார் அதிகச் சுற்றுகள் போகிறார்களோ அவர்கள் வெல்வார்கள். கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தில் நிற்கும் தங்கள் வண்டிகளுக்கு ஓடி, ஏறி, கிளப்பிக்கொண்டு போகவேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். போர் முடிந்த ஆண்டில் பட்டாளத்து மெக்கானிக்காக மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, லியோனில் ஒரு பட்டறையில் சேர்ந்து, அந்தப் பட்டறை கட்டிய, விளக்கெண்ணெயை மசகாகக் குடிக்கும் நீல வண்டியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னபோது அதன் தலைமை ஓட்டுநரைவிட விரைவாகச் சோதித்துவிட்ட குற்றத்துக்காகப் பந்தயக்காரர் ஆக்கப்பட்டவர் அருளப்பன். அவருடைய கூட்டாளி ரெனே வால்தோ, பேச்சை நிறுத்தாத பருத்த மனிதர், வண்டிக்குள் ஏறும்போதும் தின்றுகொண்டே ஏறுபவர்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சுற்றுக் கணக்கர் வேண்டும். நடுவர்களும் எண்ணுவார்கள், ஆயினும் ஐம்பது வண்டிகள் இரவும் பகலும் மழையிலும் தூசியிலும் கடந்துபோகும்போது நடுவர் கண்ணும் கண்தானே என்று, அணிகள் தங்கள் சொந்தக் கணக்கரை அழைத்துவருவது வழக்கம், பெரும்பாலும் ஓட்டுநரின் மனைவி. அருளப்பனுக்கு மனைவி இல்லை. அந்த ஆண்டு லூர்து மாதாவைத் தரிசிக்கக் கப்பலேறி வந்திருந்த ரொசாலி, தம்பியைப் பார்க்க வால்மொரானுக்கு வந்தாள். கையில் பென்சிலைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். இருபத்துநான்கு மணி நேரம் அவள் உறங்கவில்லை. சாய்ந்துகூட உட்காரவில்லை.

நடந்த பிழை சிறியது. முதல் சுற்றின் முடிவில் மூன்று நீல வண்டிகள் ஒட்டிக்கொண்டு வர, நடுவர்கள் இரண்டைத்தான் குறித்தார்கள். முடிவில் அருளப்பனுடைய வண்டி ஐந்நூற்று எண்பத்துமூன்று சுற்றுப் போயிருந்தது. நடுவர் ஏட்டில் ஐந்நூற்று எண்பத்திரண்டு. வென்றதாக அறிவிக்கப்பட்ட சிவப்பு வண்டிக்கும் ஐந்நூற்று எண்பத்திரண்டே; முடிவுக் கோட்டை அது முந்திக் கடந்தது. பட்டறை முதலாளி பத்தாயிரம் பிராங்க் கட்டி முறையீடு செய்தார்; இழந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பேன் என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டே கட்டினார். விசாரணை மேசையின்மேல் ரொசாலியின் தாள்கள் விரிக்கப்பட்டன. அடித்தல் திருத்தல் இல்லாத தாள்கள். முதல் வரியில் நடுவர்களுக்குப் புரியாத எழுத்தில் ஒரு சொல். அதன்கீழ் 2, 3, 4 என்று தொடங்கி 583 வரை.

ஒன்று எங்கே என்று தலைமை நடுவர் கேட்டார்.

அந்தச் சொல்தான் ஒன்று என்றாள் ரொசாலி. அவர்களுடைய தந்தை பிரகாசம் மொரேல் பெரிய கடைத் தெருவில் நெல் மண்டி வைத்திருந்தவர். மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் எவருக்கும் கிடையாது. லாபம் என்று சொல்லி, அடுத்ததை இரண்டு என்பார்கள். மூன்று வயதில் அந்த மண்டியில் எண்ணப் பழகிய ரொசாலி, பள்ளியில் மாணவிகளுக்கு ஒன்று இரண்டு என்றே கற்பித்தாலும், தன் வீட்டுப் பொருளை எண்ணும்போது வேறு எப்படியும் எண்ணியதில்லை. தம்பியின் சுற்றுகள் வீட்டுப் பொருள்தான் என்பதில் அவளுக்கு ஐயம் இருக்கவில்லை.

உங்கள் கடையில் ஒருவர் ஒரே ஓர் அளவு மட்டும் வாங்க வந்தால் என்ன செய்வீர்கள் என்று நடுவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒன்று மட்டும் வாங்குகிறவர்கள் எங்கள் கடைக்கு வருவதில்லை, முசியே," என்றாள் ரொசாலி, பிழையற்ற பிரெஞ்சில். நடுவர்கள் இரண்டு முதல் ஐந்நூற்று எண்பத்துமூன்று வரை எத்தனை வரிகள் என்று எண்ணினார்கள். ஐந்நூற்று எண்பத்திரண்டு. அணியின் சொந்தக் கணக்கே எங்கள் கணக்கை உறுதிசெய்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

நடுவர் ஏட்டிலும் இடமின்றி, சொந்த ஏட்டிலும் இடமின்றி நின்ற அந்தச் சுற்று, இருபத்தேழு நாள் கடற்பயணத்தில் எவர் கண்ணிலும் படாமல் ரொசாலியின் கப்பலிலேயே வந்திருக்கவேண்டும். ஆடி மாதத்து ஒரு காலையில் அவள் கரையிறங்கினாள். அன்று மாலை நாலு மணிக்கு அது வடக்கு புல்வாரில் ஓடியது. வால்மொரான் ஓடுதளமும் புதுச்சேரியைச் சுற்றிவரும் புல்வார்களும் நீளத்தில் ஏறத்தாழ ஒன்று என்பதால், அதற்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

ஊருக்கும் பெரிய சிரமம் இருக்கவில்லை. முதல் வாரம் இரண்டு குடங்களும் ஒரு வெற்றிலைக் கூடையும் கவிழ்ந்தன, ஒரு கிழவர் தலைப்பாகையை இழந்தார். இரண்டாம் வாரம் மக்கள் நாலு மணிக்கு ஒதுங்கப் பழகினார்கள். மூன்றாம் வாரம் மேரி என்று வழங்கும் நகராட்சியிலிருந்து, பிற்பகல் மூன்று ஐம்பத்தைந்து முதல் நாலு ஐந்து வரை புல்வாரின் நடுப்பகுதி சுற்றுக்கு உரியது என்று தண்டோரா போட்டார்கள். பிறகு ஊர் அதை வேலைக்கு வைத்துக்கொண்டது: தெற்கு வாய்க்கால் ஓரத்து வண்ணார்கள் வேட்டிகளை அந்தக் காற்றின் பாதையில் கட்டினார்கள், இரண்டு நாள் வெயில் செய்வதைச் சுற்று ஒரே வீச்சில் செய்தது, கடற்கரையில் மீன் விற்கும் அஞ்சலாட்சி கருவாட்டுப் பாய்களைச் சாலையோரம் விரித்தாள், ஈ அண்டாமல் போயிற்று, வயிறு உப்பிய கைக்குழந்தைகளைத் தாய்மார் விளக்கெண்ணெய் வாசனை கடக்கும் வரை தூக்கிப் பிடித்தார்கள், மருந்து ஊட்டும் சண்டை இல்லாமற்போயிற்று, பள்ளிக்கூடத்து மணிக்கூண்டு சுற்றைப் பார்த்துத் திருத்தப்பட்டது, ஊர்வலமாக வரும் மாரியம்மன் மேற்கு புல்வார் முனையில் நின்று, நாயனக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ள, சுற்றுக்கு வழிவிட்டுப் பின் புறப்பட்டாள், தேவமாதாவின் தேரும் அவ்வாறே. ஐம்பத்துநான்கில் கொடி மாறியது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இது அந்நிய ஆட்சியின் எச்சம் என்று சாலைக்குக் குறுக்கே மரத்தடுப்பு வைத்தார். சுற்று தடுப்பின் ஊடே போயிற்று. தடுப்பு ஓராண்டு விளக்கெண்ணெய் நாறியது. அதிகாரி காரைக்காலுக்கு மாற்றப்பட்டார்.

அதே ஒன்பது ஆண்டுகளில் அருளப்பன் ஐரோப்பாவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், ஒரு சுற்று குறைவாக இருந்துகொண்டிருந்தார். பெல்ஜியத்து மழையில் ஒன்பது மணி நேரம் முன்னணியில் போன வண்டி, கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்து, மேட்டில் ஏறாமல் பின்னோக்கி உருண்டது. இத்தாலியின் மலைச் சாலையில் வழிகாட்டிய கல் தப்பு. ஜெர்மானியக் காட்டில் பனி. ஸ்பெயினில் வென்றே விட்டார். கொடி அசைக்கவேண்டியவர் ஒரு சுற்று முன்னதாகவே வேறொருவருக்கு அசைத்துவிட்டிருந்தார். வால்தோ கார் ஓட்டுவதை விட்டு வாத்து வளர்க்கப் போனபோது, "உனக்குள்ளே எங்கோ ஒரு சுற்று ஒழுகுகிறது, மொரேல், போய் அடைத்துவிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரிகைகள் அருளப்பனை, திருவாளர் இரண்டு என்ற பொருளில், முசியே இரண்டு என்று எழுதின. கடைசியில் அறுபத்தொன்றில், ஈரச் சாலையில், முழங்கால். மருத்துவர் இனி இல்லை என்றார்.

இப்போது, தான் இழந்தது தன் வீட்டு வாசலில் நாள் தவறாமல் ஓடுவதையும் அதில் வேட்டி உலர்வதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே அதில் ஏறப் பார்த்தார். காலடிகள் புறப்படும் இடத்தில் நின்றார். அவை அவரைக் கடந்து ஓடின. சாலை நடுவில் குறுக்கே நின்றார். அறிமுகமில்லாத பெரியவரிடம் காட்டும் மரியாதையோடு அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிறகு அதனோடு ஓடத் தொடங்கினார். மடங்காத காலோடு நாளும் நாலு மணிக்கு அந்தப் பன்னிரண்டு காலடிகளின் பின்னே நொண்டி ஓடுவார். அவர் ஐந்தாவது அடி வைப்பதற்குள் அந்த இளைஞன், வால்மொரானில் ஓடிய அந்தப் பழைய அருளப்பன், கதவைச் சாத்திவிட்டிருப்பான்.

பாரிசிலுள்ள பந்தயச் சம்மேளனத்துக்கு எழுதினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. காணாமற்போன சுற்று கிடைக்குமாயின் அதைச் சேர்க்க விதியில் தடை இல்லை. ஆனால் அந்தச் சுற்று ஓடும்போதே, அன்று கணக்கெழுதிய அதே கணக்கர், எவருக்கும் புரியும் எண்ணால் அதைக் குறித்து, ஊரார் மூவர் சாட்சிக் கையெழுத்திடவேண்டும். ஒருமுறை சேர்க்கப்பட்ட சுற்று மறுமுறை ஓடலாகாது.

இந்தக் கடைசி வரிதான் வினையாயிற்று. தபால்காரர் பிரெஞ்சு படித்தவர். மாலைக்குள் கடற்கரை வரை தெரிந்துவிட்டது. அருளப்பன் சாட்சி கேட்டு வீடு வீடாகப் போனார். எல்லோரும் நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், அவருடைய கோப்பைகளைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். கையெழுத்து என்றதும் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்றார்கள். வண்ணார் தெருவில் ஒருவர், தைக்கு அப்புறம் பாக்கலாம், மழைக்காலத்துக்குச் சுத்து இல்லாம முடியாது என்றார். நகராட்சித் தலைவர் ஆல்பேர் தணிகாசலம் உடனே சம்மதித்தார். தேர்தல் முடியட்டும் என்றார். எந்தத் தேர்தல் என்று சொல்லவில்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அஞ்சலாட்சி ஒருத்திதான்.

"அது என்னுடைய சுற்று, அம்மா," என்றார் அருளப்பன்.

"ஒங்களுதா? ஒம்போது வருசமா அதுக்கு ஒதுங்கி வழிவுட்டது யாரு, நீங்களா?" என்றாள் அஞ்சலாட்சி, மீனைச் செதில் சுரண்டியபடி. "நாதியில்லாம வந்துச்சு. நாங்கதான வச்சிகிட்டோம். இப்ப வந்து பேரு கேக்கறீங்க."

ஆனாலும் அருளப்பனுக்கு உண்மையான தடை கடற்கரையில் இல்லை. தன் வீட்டு உணவு மேசையின் எதிர்ப்பக்கத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, ரொட்டியை ஒரே கனமாக அறுத்துக்கொண்டிருந்தது. ரொசாலி எழுத மறுத்தாள். தான் எழுதியது சரி, சரியாக எழுதியதை எதற்காகத் திருத்துவது என்று கேட்டாள். கார்த்திகை போயிற்று, தை போயிற்று. அருளப்பன் கெஞ்சினார், பேசாமலிருந்தார், தனியாகச் சாப்பிட்டார். பங்குனியில் ஒருநாள், ஓட்டத்தில் விழுந்து உள்ளங்கை சிராய்த்துக்கொண்டு வந்தவரை உட்காரவைத்து அவள் கையைக் கழுவிவிட்டபோது, அவர் வெடித்தார்.

"ஒரே ஒரு கோடு, அக்கா. குச்சி மாதிரி ஒரு கோடு. அதைப் போட உனக்கு என்ன கஷ்டம்?"

ரொசாலி பஞ்சைக் கீழே வைத்தாள். "அதைப் போட்டா, அன்னிக்கு எழுதினது தப்புன்னு ஆகும்," என்றாள். "தப்புன்னா, உன் ஒன்பது வருஷத்தையும் முழங்காலையும் கெடுத்தது நான்னு ஆகும். அதை நான் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும்ங்கற."

அவள் அப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்ததாக அருளப்பன் ஒருநாளும் நினைத்ததில்லை. கோபத்தில் இருந்ததால் அவர் சொன்னதும் கோபமாகவே வந்தது. "நான் எப்போ உன்னைத் தப்பு சொன்னேன்? அதுக்கப்புறம் நாப்பத்தாறு பந்தயம் ஓட்டினேன். நாப்பத்தாறுலயும் முதல் சுற்று முடிஞ்சு கோட்டைத் தாண்டறப்போ லாபம்னுதான் வாய்விட்டுச் சொன்னேன். ஒருதடவைகூட ஒண்ணுன்னு சொன்னதில்ல. வால்தோ அதை ஏதோ ஜெபம்னு நினைச்சிருந்தான்."

ரொசாலி பஞ்சை எடுத்து மருந்தில் தோய்த்தாள். நாப்பத்தாறா என்று மட்டும் கேட்டாள். நாப்பத்தாறு என்றார் அவர்.

ஆனி பிறந்தது. அந்தப் பந்தயத்துக்குப் பத்தாண்டு நிறைந்த நாள் ஒரு வியாழக்கிழமை. மூன்றரை மணிக்கு ரொசாலி பள்ளியிலிருந்து முன்னதாக வந்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை மாற்றி, ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து வாசலில் போட்டு, மடியில் பலகையும் தாளும் பென்சிலும் தந்தையின் சங்கிலிக் கடிகாரமுமாக உட்கார்ந்தாள். தெரு அதைப் பார்த்தது. பத்து நிமிடத்தில் கடற்கரை அறிந்தது. அஞ்சலாட்சி இடுப்பில் கூடையோடு வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

"எங்க கைநாட்டு வக்கணும், டீச்சரம்மா?"

நீயா என்று யாரோ கேட்டார்கள். இந்த மனுசன் தினமும் நொண்டிநொண்டி ஓடறதப் பாத்துகிட்டு எத்தினி நாளு கருவாடு காயவக்கிறது, மனசு காய மாட்டேங்குது என்றாள் அவள். சடகோபன் அவளுக்குப் பின்னால் வந்து, முசியே நம்ம சவாரிங்க என்று காரணம் சொன்னான். மூன்றாவது ஆள் இல்லாமல் மூன்று நாற்பத்தெட்டு வரை எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தெருமுனையில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்த ஆல்பேர் தணிகாசலம், இவ்வளவு பெரிய கூட்டம் தான் இல்லாமல் கூடியிருப்பதைக் கண்டு இறங்கி வந்து, என்ன ஏதென்று கேட்பதற்கு முன்பே முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

நாலு அடித்தது. காலடிகள் ஓடின; நாலாவது வழுக்கியது. அன்று அருளப்பன் பின்னால் ஓடவில்லை. அக்காவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் கடற்கரையைத் தொட்டுத் தெற்கே திரும்பியது, தெற்கு புல்வாரில் வேட்டிகள் படபடத்தன, மேற்கில் மாரியம்மன் முனையைக் கடந்தது, திரும்பி வந்தது. வாசலுக்கு நேராக வந்த கணத்தில் ரொசாலி தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். எவருக்கும் புரியக்கூடிய கோடு. அவளுடைய உதடுகள் மட்டும் வேறெதையோ சொன்னதை அருகில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

சத்தம் அறுபடவில்லை. பத்தாண்டுகளில் முதன்முறையாக அது வாசலைக் கடந்து கிழக்கே போயிற்று, விசை கூடியது, கடற்கரையில் தெற்கே திரும்பாமல், புயலில் இடிந்த பழைய கப்பல்துறைப் பாலத்தின் கால்களுக்கு மேலாக நேரே கடலுக்குள் போயிற்று. கட்டுமரத்தில் இருந்தவர்கள் தலைக்கு மேலே விளக்கெண்ணெய் மணத்தது என்று பிறகு சொன்னார்கள். தன்னுடைய இரண்டாவது சுற்றைத் தேடிப் போகிறது என்று ஊர் புரிந்துகொண்டது. நெடுநேரம் யாரும் கலையவில்லை. மறுநாள் நாலு மணிக்கு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள், ஒன்றும் வரவில்லை, வண்ணார் ஒருவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெயிலை நோக்கி நகர்த்திக் கட்டினார்.

மாசியில் சம்மேளனத்தின் முடிவு வந்தது. முதல் சுற்று ஏற்கப்படுகிறது. வண்டி ஐந்நூற்று எண்பத்துமூன்று சுற்றுகளை முழுமையாகப் போயிருக்கிறது; அதைப்போல் அந்தப் பந்தயத்தில் வேறு எந்த வண்டியும் போகவில்லை. ஆயினும் ஒரு சுற்று பதியப்படும் கணமே அது முடியும் கணம் என்பதால், மேற்படி வண்டி பந்தயத்தை முடிக்கப் பத்தாண்டு எடுத்துக்கொண்டதாகிறது. சராசரி வேகம் மணிக்கு முப்பத்தேழு மீட்டர். எனவே முசியே மொரேல் இரண்டாம் இடத்திலிருந்து நீக்கப்பட்டு, பதினெட்டாவதும் கடைசியுமான இடத்தில் வைக்கப்படுகிறார். வெள்ளிக் கோப்பையைத் திருப்பி அனுப்பவும்.

அருளப்பன் அதை மூன்று முறை படித்தார். ரொசாலி ஒருமுறை படித்து, வகுத்துப் பார்த்து, முப்பத்தேழல்ல, முப்பத்தாறரை என்றாள். அப்போது நாலாகப் போகிறது என்பதால் இருவரும் பழக்கத்தில் வாசலுக்கு வந்தார்கள். தெரு ஒதுங்கி நின்றது. அது இன்னும் ஒதுங்குவதை விடவில்லை. காலியாகக் கிடந்த சாலையின் குறுக்கே அருளப்பன் மறுபக்கம் வரை நடந்தார். அந்தப் பன்னிரண்டு அடிக்கு அவருக்குப் பத்தொன்பது ஆயின. மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்த சடகோபன் ரிக்‌ஷாவைச் சற்று நகர்த்தி அவருக்கு இடம் விட்டான்.

முறையீடு ஏற்கப்பட்டதால், அதற்காகக் கட்டி அவர் சம்பளத்தில் பிடித்த பத்தாயிரம் பழைய பிராங்க், நூறு புதிய பிராங்காக, அறுபத்துநான்கு பங்குனியில் அருளப்பன் பெயருக்கு வந்தது. கோப்பையை அனுப்பத் தபால் செலவு பதினொன்றே கால் ரூபாய். அதை ரொசாலி தன் சம்பளத்திலிருந்து தானே கட்டினாள், சித்திரை இரண்டாம் தேதி. ஊர்ப் பயனில் இருந்த ஒன்றை முன்னறிவிப்பின்றி அகற்றியமைக்காக நகராட்சி முப்பது ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையில் முதல் சாட்சியின் கையெழுத்தே இருந்தது. அருளப்பன் அதை வைகாசியிலும் ஆவணியிலும் ஐப்பசியிலும் மூன்று தவணையாகக் கட்டினார். ரசீது எழுதிக் கொடுத்தவள் பெரிய கடைத் தெருவில் பிறந்து ரொசாலியிடம் கணக்குப் படித்த பெண். தவணை எண் எழுதும் கட்டத்தில், ஆவணி ரசீதில் இரண்டு என்றும் ஐப்பசி ரசீதில் மூன்று என்றும் எழுதியிருந்தாள். வைகாசி ரசீதில் லாபம் என்று இருந்தது. மேரியில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.